குருவியைச் சுட்ட பையன்

போன மாதம் இதே இடத்தில் எட்டாம் வகுப்புத் தம்பி சர். சி.வி. ராமன் பற்றி எழுதியிருந்தான். இந்த மாதம் என் முறை. நான் பறவை மனிதர் சாலிம் அலியைப் பற்றி எழுதுகிறேன். அவரை ஏன் எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்றேன். அது கொஞ்சம் வெட்கமான விஷயம்.

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் பிறந்தார். வீட்டுக்குக் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா இறந்துட்டார், மூன்று வயதில் அம்மாவும் போயிட்டாங்க. மாமா அமிருதீன் தயாப்ஜியும் அத்தையும்தான் அவரை வளர்த்தார்கள். மாமாவுக்கு வேட்டையில் ஆசை. பையனுக்கும் ஒரு ஏர்கன் கிடைத்தது. அப்புறம் என்ன, குருவி சுடுறதே வேலை!

பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் அவர் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. மற்ற குருவி மாதிரி இல்லை. இது என்ன குருவி, இதைச் சாப்பிடலாமா என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியல. ஆனால் அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் உறுப்பினர். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரரிடம் பையனை அனுப்பி வைத்தார். மில்லார்டு திட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். இத்தனை வகை இருக்கா என்று பையன் அசந்து போயிட்டான். அன்றிலிருந்துதான் எல்லாமே.

இவர் படிப்பில் முதல் மாணவர் எல்லாம் இல்லை. கணக்கு வராது. 1913-ல் மெட்ரிகுலேஷன் தேர்வை எப்படியோ பாஸ் செய்தார். (இதைப் படிக்கும்போது எனக்கு நிம்மதியா இருந்தது. கணக்கு டீச்சர் மன்னிக்கவும்.) பிறகு அண்ணனின் தொழிலைப் பார்க்க பர்மாவுக்குப் போனார். தொழிலைப் பார்த்ததை விட அங்கே காட்டில் பறவை பார்த்ததுதான் அதிகம்.

பெரிய பட்டம் இல்லாததால் பறவை ஆராய்ச்சி வேலை கிடைக்கவில்லை. 1926-ல் மும்பை மியூசியத்தில் வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை கிடைத்தது. அதிலிருந்து லீவு போட்டுவிட்டு ஜெர்மனியில் பெர்லினுக்குப் போய் ஸ்ட்ரெஸ்மேன் என்ற அறிஞரிடம் பறவையியல் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள்!

நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவரும் மனைவி தெஹ்மினாவும் கிஹிம் என்ற கடற்கரை கிராமத்துக்குக் குடி போனார்கள். அங்கே நிறைய தூக்கணாங்குருவிக் கூடு. நம்ம ஊர் கிணற்றோரப் பனையில் தொங்குதே, அதேதான். மாசக்கணக்கா அதைப் பார்த்து எழுதினார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் குருவி வந்து உள்ளே போய்ப் பார்க்கும். பிடித்தால்தான் தங்கும், இல்லாட்டி போயிரும். பிடித்துவிட்டால் ஆண் மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். அப்புறம் அது சும்மா இருக்காது, பக்கத்திலேயே இன்னொரு கூடு கட்டி இன்னொரு பெண் குருவியைக் கூப்பிடும். தினமும் நம்ம கண் முன்னாடி நடக்குது, ஆனால் அவர்தான் உட்கார்ந்து பார்த்தார்.

அதன் பிறகு செய்ததுதான் பெரிய வேலை. அப்போது இந்தியாவில் நிறைய சமஸ்தானங்கள் இருந்தன. அங்கே என்னென்ன பறவை இருக்கிறது என்று யாரிடமும் முழுக் கணக்கு இல்லை. பயணச் செலவும் முகாம் செலவும் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம், நான் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று போனார். ஹைதராபாத் முடித்து, 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி. (நம்ம கன்னியாகுமரி மாவட்டம் அப்போ திருவிதாங்கூரில்தான் இருந்தது.) காடு மலை எல்லாம் தெஹ்மினா அம்மாவும் கூடவே போனார். 1939-ல் ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இறந்துபோனார். சாலிம் அலி பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு, தோலை எடுத்து வைத்துத்தான் ஆராய்ச்சி செய்தார்கள். இவரும் சுட்டார். எனக்கு இது பிடிக்கல. பிற்காலத்தில் அவர் சங்கத்தின் மூலம் பறவையை வலையில் பிடித்து, காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டித் திரும்பப் பறக்கவிட ஏற்பாடு செய்தார். நம்ம கோடியக்கரையிலும் அது நடந்தது.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. பறவை எவ்வளவு பெரிசு என்பதை இது குருவி அளவு, மைனா அளவு, காக்கா அளவு என்று சொல்லியிருப்பார். அதனால் சாதாரண ஆட்களும் பறவை பார்க்க ஆரம்பித்தார்கள். 1958-ல் பத்ம பூஷண், 1976-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1987 ஜூன் 20-ல் காலமானார்.

அவர் எழுதி வைத்தது வீணாகவில்லை. 2009-ல் கேரளாவில் அவர் போன அதே இடங்களுக்கு மறுபடி போய், அன்றைக்கு இருந்தது இன்றைக்கு இருக்கா என்று ஒத்துப் பார்த்தார்கள். 2015 முதல் 2020 வரை கேரளா முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். இவர்களுக்கும் சம்பளம் கிடையாது. தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் பார்த்து எழுதினால் போதும், நாமும் சேரலாம்.

இப்போ என் விஷயம். ஏழாம் வகுப்பில் நான் முதல் தடவை பொங்கல் கணக்கெடுப்புக்கு நம்ம கண்மாய்க்குப் போனேன். நாமக்கோழி கும்பலாகக் கிடந்தது. எண்ண ஆரம்பித்தேன், பாதியில் விட்டுப் போச்சு. எல்லோரும் எழுதிட்டாங்களேன்னு நானும் 200 என்று எழுதிட்டேன். அறிவியல் டீச்சர் எப்படி எண்ணினாய் என்று கேட்டார். நான் பேசவே இல்லை. டீச்சர் திட்டவில்லை. முதலில் பத்துப் பறவையை எண்ணு, அது எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு பாரு, பிறகு பத்துப் பத்தாக நகர்த்து என்று சொல்லிக் கொடுத்தார். மறுபடி எண்ணினேன். 84 வந்தது. மூன்று தடவை எண்ணியும் 84-ஐ ஒட்டியேதான் வந்தது. 200 எங்கே, 84 எங்கே!

இந்த வருஷம் கண்மாயில் தண்ணி நல்லாவே கிடந்தது. ஆனால் எண்ணினால் 31 தான். நான் அன்னைக்கு 200-ஐ அப்படியே விட்டிருந்தால், ரெண்டே வருஷத்தில் 169 நாமக்கோழி காணாமல் போனதாக ஆகியிருக்கும். 75 வருஷம் கழித்து யாராவது நம்ம கண்மாய்க்கு நோட்டோடு வந்தால், என் பொய்யை வைத்துத்தான் ஒத்துப் பார்ப்பாங்க. இதை நினைத்துதான் சாலிம் அலியை எடுத்தேன்.

வர்ற பொங்கலுக்கு வர விருப்பம் உள்ளவர்கள் 9-ஆம் வகுப்பில் என்னிடம் பெயர் கொடுங்கள். காலை 6 மணிக்குக் கண்மாய் மடைப் பக்கம் நிற்கணும். பைனாகுலர் ஒண்ணுதான் இருக்கு, மாத்தி மாத்திப் பார்த்துக்கலாம்.