மூளையை வரைந்த கஹால்



போன மாசம் லேப்ல வெங்காயத் தோல் ஸ்லைடு செய்தோம். ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ரெக்கார்டு நோட்டில் போட வேண்டிய படத்தை நான் முந்தின நாளே புத்தகத்தைப் பார்த்து வரைஞ்சு வெச்சிருந்தேன். அவசரத்தில் சாயம் விடாமலே ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஏதோ மங்கலாகத் தெரிந்தது. டீச்சர் வந்து ஒரு சொட்டு சாஃப்ரனின் விடச் சொன்னாங்க. அடடா! செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா செல்கள்.

மூளையையும் இப்படிச் சாயம் போட்டுத்தான் பார்ப்பாங்களா டீச்சர் என்று கேட்டேன். அதுக்கு அவங்க சொன்ன பெயர்தான் கஹால். அவரைப் பற்றித் தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துக்கிறேன்.

குறும்புக்காரச் சிறுவன்

சாந்தியாகோ ராமோன் இ கஹால் 1852-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி ஸ்பெயின் நாட்டில் ஒரு சின்ன மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா வைத்தியர். மகனும் டாக்டராகணும் என்பது அவர் கனவு. மகனுக்கோ படம் வரைவதுதான் உயிர். கையில் கிடைத்த தாளில் எல்லாம் கிறுக்குவார். அப்பாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

குறும்பும் கொஞ்ச நஞ்சமல்ல. 11 வயதில் வீட்டிலேயே ஒரு பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக் கதவை உடைத்து, சில நாள் சிறையில் இருந்தார்! பையன் உருப்பட மாட்டான் என்று பயந்த அப்பா, முடிதிருத்தும் கடையிலும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக விட்டார்.

கடைசியில் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். 1868-இல் 16 வயது மகனைக் கைவிடப்பட்ட ஒரு கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், மனித எலும்புகளைப் பொறுக்கி எடுத்து உடற்கூறு பாடம் நடத்தினார். எலும்பைப் பார்த்ததும் மகன் என்ன செய்தார் தெரியுமா? பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்று அப்பா தடுத்த ஓவியமும், மகனுக்குப் பிடிக்காத மருத்துவமும் அங்கேதான் கைகோத்தன.

1873-இல் கஹால் மருத்துவப் பட்டம் பெற்றார். ராணுவ டாக்டராகக் கியூபாவுக்குப் போனவர் மலேரியாவில் படுத்து, 1875-இல் உடம்பு தேய்ந்து ஊர் திரும்பினார். அங்கே சம்பாதித்த பணத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். 1885-இல் வலென்சியாவில் காலரா பரவியபோது அந்தக் கிருமியை ஆராய்ந்தார். அதற்கு நன்றியாக சரகோசா மாகாண நிர்வாகம் அவருக்கு ஒரு புதிய சைஸ் மைக்ராஸ்கோப்பைப் பரிசளித்தது. நல்ல கருவி கைக்கு வந்தாச்சு. இனி நல்ல சாயம்தான் வேணும்.

கறுப்புச் சாயம்

வெங்காயத் தோல் ஒரே அடுக்கு. அதனால் செல்கள் சுலபமாகத் தெரியும். மூளை அப்படி இல்லை. கோடிக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றுக்கும் மரம் மாதிரி கிளைகள், எல்லாம் பின்னிப் பிணைந்து கிடக்கும். எல்லா செல்லுக்கும் சாயம் ஏற்றினால் ஒரு பெரிய கறைதான் தெரியும். எந்தக் கிளை எந்த செல்லுடையது என்று புரியாது.

இதற்கு ஒரு வழியை 1873-இல் இத்தாலியர் கமில்லோ கோல்ஜி கண்டுபிடித்தார். ஒரு மருத்துவமனைச் சமையலறையைத்தான் அவர் ஆய்வகமாக மாற்றி வைத்திருந்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஊற வைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டார். நூற்றில் ஒன்றிரண்டு செல்கள் மட்டும், நுனிக் கிளை வரைக்கும், கன்னங்கரேல் என்று ஆகிவிட்டன. மற்றவை நிறமில்லாமல் நின்றன. ஏன் சில செல்கள் மட்டும் கறுக்கின்றன என்பது இன்றைக்கும் முழுசாக விளங்காத புதிர்.

1887-இல் மாட்ரிட் நகரில் டாக்டர் லூயிஸ் சிமாரோ இந்த ஸ்லைடுகளைக் கஹாலுக்குக் காட்டினார். கஹால் அசந்துபோனார். ஆனால் இந்தச் சாயத்தை நம்ப முடியாது; ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. பலர் கைவிட்டுவிட்டார்கள். கஹால் விடவில்லை. ஒரே துண்டுக்கு இரண்டு தடவை சாயம் ஏற்றிப் பார்த்தார். வளர்ந்த விலங்குகளை விட்டுவிட்டு, கருவிலும் பிறந்த புதிதிலும் உள்ள மூளைகளை எடுத்தார். வயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பு இழைக்கு மேலே மயலின் உறை இருக்கும். இளம் மூளையில் அது இன்னும் உருவாகியிருக்காது. அதனால் சாயம் நன்றாகப் பிடித்தது.

ஒரே சாயம், இரண்டு பார்வை

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். கோல்ஜி அந்தச் சாயத்தில் பார்த்தது ஒரு வலை. மூளை முழுவதும் எங்கேயும் அறுபடாத ஒரே பின்னல், சிக்குக் கோலம் மாதிரி, என்று நம்பினார். அன்றைக்குப் பெரிய அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். கஹாலோ பறவையின் சிறுமூளையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இழையும் எங்கே முடிகிறது என்று பொறுமையாகத் தேடினார். இழைகள் பக்கத்து செல்லை நெருங்கி வந்து நின்றன, அதோடு கலக்கவில்லை. ஒவ்வொரு நரம்பு செல்லும் தனித்தனி!

1888 மே மாதம் சொந்தக் காசில் ஒரு ஆய்விதழ் ஆரம்பித்து இதை எழுதினார். அச்சிட்டது 60 பிரதிகள்தான். வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. சும்மா இருப்பாரா? 1889 அக்டோபரில் ஸ்லைடுகளைக் கட்டிக்கொண்டு பெர்லின் மாநாட்டுக்கே போனார். சரளமாக வராத பிரெஞ்சு மொழியில் பேசி, ஒவ்வொருவரையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தார். 72 வயது மூத்த அறிஞர் கோலிக்கர் பார்த்தார், நம்பினார். அதோடு உலகமும் திரும்பிப் பார்த்தது. 1891-இல் வால்டேயர் என்ற ஜெர்மன் அறிஞர் இந்த செல்லுக்கு நியூரான் என்று பெயர் வைத்தார்.

1906-இல் நோபல் பரிசு கோல்ஜி, கஹால் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. ஸ்டாக்ஹோமில்தான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். அந்த மேடையிலும் கோல்ஜி நியூரான் கொள்கையை எதிர்த்தே பேசினார். மறுநாள் கஹால் தன் கருத்தை ஆதாரத்தோடு பேசினார். ஆனாலும் தனக்குச் சாயம் தந்தவர் கோல்ஜிதான் என்பதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை.

1934 அக்டோபர் 17-இல் கஹால் மாட்ரிட்டில் காலமானார். 1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தபிறகுதான் இரண்டு நியூரான்களுக்கு நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. கஹால் சொன்னது சரியாகப் போச்சு. சில நியூரான்கள் நேரடியாக இணைந்தும் இருக்கின்றன என்று பிறகு கண்டார்கள். அதனால் கோல்ஜியும் முழுக்கத் தப்பில்லை.

இன்றைக்கு ஒளிரும் சாயங்கள்

இப்போது கறுப்புக்குப் பதிலாக ஒளிரும் சாயங்கள் வந்துவிட்டன. இவை ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தரும். டாப்பி என்ற சாயம் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும், புறஊதா ஒளி பட்டால் உட்கரு நீலமாக மின்னும். 1978-இல் லூசிபர் யெல்லோ என்ற சாயம் வந்தது. மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே செல்லுக்குள் விட்டால் கிளையெல்லாம் பரவி மஞ்சளாக ஒளிரும். 2007-இல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் சாயமே ஊற்றாமல், எலியின் மரபணுவில் ஒளிரும் புரதங்களைச் சேர்த்து, நியூரான்களைச் சுமார் 90 நிறங்களில் மின்ன வைத்தார்கள். அதற்கு பிரெயின்போ என்று பெயர். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கூட்டத்திலிருந்து ஒரு செல்லைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது.

கஹால் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் வீணாகவில்லை. அவருடைய ஆவணங்கள் 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அப்பா வேண்டாம் என்ற அதே ஓவியம்தான் நண்பர்களே!

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு வெட்கமாப் போச்சு. கோல்ஜி ஸ்லைடைப் பார்த்தும் மனசில் இருந்த வலையைத்தான் கண்டார். நானோ ஸ்லைடைப் பார்க்கவே இல்லை! மறுபடி லேபுக்குப் போய் அதே வெங்காயத் தோலை நிதானமாகப் பார்த்தேன். உட்கரு செல்லின் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. என் படத்தில் அழகாக நடுவில் இருந்தது. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்தேன். முன்பு போல அழகாக வரவில்லை. ஆனால் அது என் கண் பார்த்த படம்.

நீங்களும் அடுத்த முறை முதலில் பாருங்கள், பிறகு வரையுங்கள்.



பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு