போர்டோ கலவையைத் தந்த மில்லார்டே

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் போட்டவர்களுக்கும், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கும், மிளகு, பாக்கு பயிரிடுபவர்களுக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த நீலநிற மருந்து புதிதல்ல. அதுதான் போர்டோ கலவை. போர்டோ என்பது ஆளின் பெயர் அல்ல. பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில் உள்ள ஒரு நகரத்தின் பெயர். இந்தக் கலவையை விவசாயிகளின் கையில் கொண்டு வந்து சேர்த்தவர் அந்த நகரத்தில் பேராசிரியராக இருந்த அலெக்சிஸ் மில்லார்டே.

1838 டிசம்பர் 13 அன்று, பிரான்சின் கிழக்கே ஜூரா பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் அவர் பிறந்தார். ஜெர்மனியின் ஹைடல்பெர்க், ஃபிரைபர்க் நகரங்களில் படித்தார். பயிர்ப் பூஞ்சைகளைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளம் போட்ட அன்டன் டி பாரியிடம் பயின்றார். பிறகு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். 1870-71 போரில் அந்த நகரம் ஜெர்மனியின் வசமானது. மில்லார்டே நான்சி நகருக்கும், 1876-ல் போர்டோவுக்கும் மாறினார்.

வேரைக் காத்த கொடி, இலைக்கு வந்த நோய்

அவர் போர்டோவுக்கு வந்த நேரத்தில் பிரெஞ்சுத் திராட்சை விவசாயம் அழிவின் விளிம்பில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்சரா என்ற நுண்ணிய பூச்சி வேரில் சாறு உறிஞ்சி, தோட்டம் தோட்டமாகக் கொடிகளைக் காய வைத்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும். அதனால் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சு ரகங்களை ஒட்டுக் கட்டும் முறையை ஆதரித்து உழைத்தவர்களில் மில்லார்டே முக்கியமானவர். அவரும் டி கிராசே என்பவரும் சேர்ந்து உருவாக்கிய 101-14, 41பி போன்ற வேர்ச்செடிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

ஆனால் அமெரிக்கக் கொடிகளோடு இன்னொரு எதிரியும் கப்பலேறி வந்தது. அதுதான் அடிச்சாம்பல் நோய். 1878-ல் பிரான்சில் கண்டறியப்பட்ட இந்த நோய் சில ஆண்டுகளில் நாடு முழுக்கப் பரவியது. இலை உதிர்ந்தது, காய் இனிப்பு ஏறாமல் வெம்பியது. வேரைக் காப்பாற்றக் கொண்டுவந்த கொடியோடு இலையைக் கொல்லும் நோயும் வந்து சேர்ந்ததால், மில்லார்டேவால் அதிலிருந்து ஒதுங்கி நிற்க முடியவில்லை.

சாலையோரத்துக் கொடிகள்

1882 அக்டோபரில் போர்டோவுக்கு வடக்கே, மெடோக் பகுதியில் உள்ள சேன் ஜூலியன் ஊர் வழியாக அவர் சென்றார். தோட்டங்களில் கொடிகள் இலையில்லாமல் நின்றன. ஒரு தோட்டத்தில் மட்டும் சாலையை ஒட்டிய சில வரிசைகளில் இலைகள் உதிராமல் இருந்தன. உற்றுப் பார்த்தால் இலை மேல் நீலம் படிந்திருந்தது.

தோட்ட மேலாளர் எர்னெஸ்ட் டாவிட்டிடம் விசாரித்தார். வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரக் கொடிகளில் தெளிப்பது அந்த வட்டாரத்து வழக்கம். இலை நஞ்சு பூசியதுபோல் தெரிந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். நோய்க்காக யாரும் தெளிக்கவில்லை.

மில்லார்டேவிடம் இன்னொரு தடயமும் இருந்தது. நோய்ப் பூஞ்சையின் வித்துகளைத் தண்ணீரில் முளைக்க வைத்துப் பார்த்தபோது, அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அவை முளைக்கவில்லை. பம்பில் இருந்த செம்பு சிறிதளவு தண்ணீரில் கரைந்திருந்ததே காரணம். மிகச் சிறிய அளவு செம்பே வித்தைச் செயலிழக்கச் செய்யும் என்பதை அவர் புரிந்துகொண்டார்.

கரையாமல் இருப்பதே பலம்

செம்பு போதும் என்றால் மயில்துத்தத்தை மட்டும் கரைத்துத் தெளித்தால் என்ன? அதில் இரண்டு சிக்கல்கள். முழுதாகக் கரைந்த செம்பு இலையைக் கருக்கிவிடும். அடுத்த மழையில் கழுவிக்கொண்டும் போய்விடும்.

சுண்ணாம்புப் பாலைச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. செம்பு கரைசலிலிருந்து பிரிந்து, வானநீல நிறத்தில் கூழ்போன்ற நுண்துகள்களாகித் தண்ணீர் முழுக்கப் பரவி நிற்கிறது. இலையில் விழுந்து காய்ந்ததும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு பனியும் மழைத்துளியும் படும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பை விடுகிறது. வித்து முளைக்கத் தேவையான அந்த ஈரமே வித்தைக் கொல்லும் மருந்தையும் கொண்டு வருகிறது. பூஞ்சை இலைக்குள் புகுந்த பிறகு இந்த மருந்தால் பயன் இல்லை. அதனால் முன்கூட்டியே தெளிக்க வேண்டும்.

இதே இடத்தில்தான் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் தோற்றன. அங்கே 1869-ல் தோன்றிய துரு நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்டு, வித்து முளைக்கும் முன்பே இலையைக் காக்க வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். மழையிலும் இலையில் நிற்கும் மருந்துதான் கையில் இல்லை. அவர் அங்கே வேலையை முடித்த 1882-ல்தான் மில்லார்டே சேன் ஜூலியன் சாலையில் நடந்தார். இலங்கையில் காப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

மூன்று ஆண்டு சோதனை

சாலையோரத்தில் பார்த்ததை வைத்து மில்லார்டே உடனே மருந்து என்று அறிவித்துவிடவில்லை. டாவிட் பார்த்துக்கொண்ட தோட்டங்களில் பல மருந்துகளைத் தெளித்துப் பார்த்தார்கள். பாஸ்டரின் மாணவரான வேதியியல் பேராசிரியர் உலிஸ் கயோன் துணை நின்றார். 1885-ல் மில்லார்டே செய்முறையை வெளியிட்டார். 100 லிட்டர் தண்ணீரில் 8 கிலோ மயில்துத்தம். 30 லிட்டர் தண்ணீரில் 15 கிலோ சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் கலக்க வேண்டும். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், தெளிக்காத கொடிகள் மொட்டையாக நிற்க, தெளித்த கொடிகள் பச்சையாக நின்றன.

இது விஷமாயிற்றே, திராட்சை மதுவில் கலந்துவிடாதா என்ற அச்சம் எழுந்தது. கயோனும் மில்லார்டேவும் சோதித்துப் பார்த்தனர். நொதிக்கும்போது செம்பு மண்டியோடு சேர்ந்து அடியில் தங்கிவிடுவதையும், மதுவில் மிஞ்சுவது மிகச் சொற்பம் என்பதையும் காட்டினர். கண்டுபிடிப்பு யாருடையது என்ற சண்டையும் வந்தது. மில்லார்டே விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். ஆனால் செய்முறையை எல்லோருக்கும் பொதுவாகவே விட்டுவிட்டார்.

துடைப்பத்திலிருந்து தெளிப்பானுக்கு

முதல் கலவை குழம்பாக இருந்தது. ஆட்கள் ஒரு கையில் பூவாளியும் மறு கையில் சிறு துடைப்பமுமாகக் கொடி கொடியாகத் தெளித்துப் போனார்கள். பாதி மருந்து தரையில் விழுந்தது. செம்பின் அளவைப் பெருமளவு குறைத்தாலும் பலன் உண்டு என்று அடுத்த சில ஆண்டுகளில் அவர்களே கண்டனர். வெர்மொரெல் போன்றோர் முதுகில் சுமக்கும் தெளிப்பானைச் செய்து விற்றனர். துகள் எவ்வளவு நுண்மையாக, எவ்வளவு சீராகப் பரவுகிறதோ, அவ்வளவு குறைந்த மருந்து போதும் என்பது தெளிவானது.

நம் பக்கத்துக்கும் அது வந்தது. மைசூரில் 1910 வாக்கில் லெஸ்லி கோல்மன், பாக்கு மரத்தின் கொளெரோகா நோய்க்கு இதைத் தெளிக்க வைத்தார். அடைமழையில் கழுவிப் போகாதபடி ரோசின் பசையையும் சேர்க்கச் செய்தார்.

கலக்கும்போது கவனிக்க

இன்றைய 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை நீர்த்து வடிகட்டி 50 லிட்டரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டியான கரைசல்களை முதலில் சேர்த்துப் பிறகு தண்ணீர் ஊற்றினால் துகள் பெருத்துவிடும். சீக்கிரம் அடியில் படியும், தெளிப்பான் முனையை அடைக்கும். இரும்புப் பாத்திரம் கூடாது; பிளாஸ்டிக் அல்லது மண் தொட்டி நல்லது. பளபளப்பான கத்தியை நனைத்துப் பார்த்துச் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வைத்திருந்தால் துகள்கள் பெருத்து ஒட்டும் தன்மை குறையும் என்பதால், கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

மில்லார்டே 1902 டிசம்பர் 15 அன்று போர்டோவில் காலமானார். அவர் காத்த தோட்டங்களின் மண்ணில் நூறாண்டுக்கு மேலாகத் தெளித்த செம்பு தங்கியிருக்கிறது. செம்பு மக்கிப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இன்று எக்டருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் செம்பு போடக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அளவைக் குறைக்கும் வேலையை முதலில் தொடங்கியவர் மில்லார்டேதான். நாமும் நன்றாகக் கலக்கி, சீராகத் தெளித்து, தேவையான அளவோடு நிறுத்திக்கொண்டால் இலையோடு மண்ணும் பிழைக்கும்.