பட்டம் பெற்ற ஓவியர் கிராமத்தில் படித்த பாடம்

கல்கத்தா நகரில் அவர் பெயர் பெற்ற ஓவியர். தங்கள் உருவத்தைப் படமாக எழுதித் தரும்படி பணக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நல்ல வருமானம் கிடைத்தது.

முப்பத்தைந்து வயதை ஒட்டிய காலத்தில், அந்தத் தொழிலையே அவர் உதறிவிட்டார்!

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிராமத்துச் சித்திரக்காரர்கள் எப்படிக் கோடு இழுக்கிறார்கள், எப்படி வண்ணம் குழைக்கிறார்கள் என்று முதலிலிருந்து கற்கத் தொடங்கினார்.

அவர்தான் ஜாமினி ராய். இந்தியாவின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவர்.

மண்ணோடு வளர்ந்த பிள்ளை

வங்காளத்தில் பாங்குரா என்று ஒரு மாவட்டம். அங்கே உள்ள பேலியாதோர் கிராமத்தில், 1887-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந்தேதி ஜாமினி ராய் பிறந்தார்.

தந்தை ராம்தாரண் ராய், அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்தவர். சித்திரம் எழுதுவதில் ஆசை உள்ளவர்.

அது செம்மண் பூமி. குயவர்கள் மண்ணால் குதிரையும் யானையும் செய்வார்கள். சந்தால் என்னும் பழங்குடி மக்கள் கைகோத்து வரிசையாக நின்று ஆடுவார்கள்.

அதே மாவட்டத்தில்தான் விஷ்ணுபூர் இருக்கிறது. அங்குள்ள பழைய கோவில்களில் பல செங்கல்லால் கட்டப்பட்டவை. சுட்ட மண் சிற்பங்களைச் சுவரெல்லாம் பதித்திருப்பார்கள். ராமன் கதையும் கண்ணன் கதையும் அந்த மண்ணிலே காட்சி தரும்.

இவற்றை எல்லாம் பார்த்து வளர்ந்தான் சிறுவன் ஜாமினி. ஆனால், இதுவும் ஒரு படிப்பு என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

கல்கத்தாவில் படிப்பு

1903-ம் ஆண்டு, 16 வயதில், கல்கத்தா அரசாங்க ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இத்தகைய பள்ளிகள் சில நகரங்களில் ஏற்பட்டன. சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரியும் 1850-ல் அப்படித் தோன்றியதுதான்.

அங்கே ஐரோப்பிய முறை கற்பிக்கப்பட்டது. கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகளை எதிரே வைத்து, ஒளி விழும் இடம், நிழல் விழும் இடம் பார்த்து, அச்சு அசலாக வரைய வேண்டும். பிறகு எண்ணெய் வண்ணம். மனிதர் உயிரோடு நிற்பது போலவே படம் அமைய வேண்டும்.

ஜாமினி ராய் அதில் கைதேர்ந்தார். 1908-ல் பட்டயம் பெற்று வெளியே வந்தார். உருவப் படம் எழுதுவதே அவர் தொழில் ஆயிற்று.

மனதில் எழுந்த கேள்வி

ஆண்டுகள் ஓடின. பணம் வந்தது, புகழ் வந்தது, மன நிறைவு மட்டும் வரவில்லை.

கை தன்னுடையது. ஆனால், அந்தக் கை எழுதும் முறை வேறு நாட்டுக்குச் சொந்தம். தன் ஊர்க் குடியானவன் பார்த்து, இது நம்முடையது என்று சொல்லக்கூடிய படம் ஒன்றுகூட இல்லை. இந்த எண்ணம் அவரை வாட்டியது.

அப்போது அவர் கண்ணில் பட்டவை காளிகட்டப் படங்கள்.

கல்கத்தாவில் காளி கோவில் இருக்கும் இடம் காளிகட்டம். அங்கே வரும் யாத்திரிகர்களுக்காக, 19-ம் நூற்றாண்டில், சித்திரக்காரர்கள் மலிவான தாளில் படம் எழுதி விற்றார்கள். தூரிகையை ஒரு சுழற்று சுழற்றினால் ஒரு தோள். இன்னொரு சுழற்று சுழற்றினால் ஒரு முகம்! அவ்வளவு வேகம், அவ்வளவு துணிவு. அச்சுப் படங்கள் மலிவாக வந்து குவிந்ததும் அந்தத் தொழில் நலிந்துவிட்டது.

அந்தக் கோட்டை ஜாமினி ராய் பயின்றார். பிறகு, அதிலும் நகரத்தின் வாடை கலந்துவிட்டது என்று கருதினார். இன்னும் ஆழமாகப் போக விரும்பினார். அதற்கு வழி, பிறந்த மண்ணிலேயே இருந்தது.

ஊர் ஊராகச் சென்ற சித்திரக்காரர்கள்

வங்காளத்துக் கிராமங்களில் பட்டுவாக்கள் என்னும் சித்திரக்காரர்கள் உண்டு. நீண்ட சுருளில் கதையைப் படம் படமாக எழுதுவார்கள். ஊர் ஊராகச் சென்று, சுருளை மெல்ல மெல்ல விரித்து, பாடிக்கொண்டே கதை சொல்வார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் கலை அது.

இவர்களுடைய படங்களைத் தேடிச் சேர்த்தார் ஜாமினி ராய். அவற்றை எழுதிய முறையைக் கற்றார்.

முதல் பாடம் கோடு. கரியில் வரைந்து, அழித்து, திருத்தும் பழக்கம் உதவாது. விளக்குக் கரி மையில் தூரிகையைத் தோய்த்து, கை நடுங்காமல், ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். நம் வீட்டு வாசலில் பெண்கள் போடும் கம்பிக் கோலத்துக்கு வேண்டிய உறுதி அதற்கும் வேண்டும்.

இரண்டாவது பாடம் விடுவது. நிழலை விட்டார். தூரத்தைக் காட்டும் தந்திரத்தை விட்டார். பல ஆண்டுகள் உழைத்துக் கற்றதை மறப்பது, புதிதாகக் கற்பதைக் காட்டிலும் கடினமாக இருந்தது. குழந்தைகள் கிறுக்கும் படங்களைக்கூட அவர் கவனித்துப் பார்த்தார்.

மூன்றாவது பாடம் வண்ணம். சீமை வண்ணக் குழாய்களைத் தள்ளிவிட்டார். கல்லைப் பொடி செய்தார். ஆற்று வண்டல், அவுரி, சுண்ணாம்புக் கட்டி இவற்றிலிருந்து வண்ணம் கண்டார். புளியங்கொட்டைப் பசையில் குழைத்தார். தஞ்சாவூர் ஓவியப் பலகைக்கும் இதே பசை பயன்படுவது உண்டு. பெரும்பாலும் ஏழே வண்ணங்கள் அவருக்குப் போதுமாக இருந்தன. துணி, பலகை, ஓலைப் பாய் இவற்றின் மேல் படம் எழுதினார்.

வறுமை வந்தது

இந்தப் படிப்புக்குக் கட்டணம் மிக அதிகம்!

உருவப் படம் கேட்டு வந்தவர்களுக்கு இந்தப் புதுப் படங்கள் பிடிக்கவில்லை. வருமானம் நின்றது. மனைவி, மக்களோடு பல ஆண்டுகள் அவர் வறுமையில் வாடினார். பழைய தொழிலுக்குத் திரும்பியிருந்தால் மறுநாளே பணம் வந்திருக்கும். அவர் திரும்பவில்லை.

1934-ல் அகில இந்தியக் கண்காட்சி ஒன்றில் அவர் படத்துக்கு வைசிராயின் தங்கப் பதக்கம் கிடைத்தது. நிலைமை மெல்ல மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவுக்கு வந்த அமெரிக்க, ஆங்கிலேயச் சிப்பாய்கள் அவர் படங்களை வாங்கிச் சென்றார்கள். 1946-ல் லண்டனிலும், 1953-ல் நியூயார்க்கிலும் கண்காட்சி நடந்தது.

ஏழைக்கும் ஒரு படம்

புகழ் வந்த பிறகும் அவர் விலையை ஏற்றவில்லை. நடுத்தரக் குடும்பமும் ஒரு படம் வாங்கி மாட்டவேண்டும் என்பது அவர் ஆசை.

பட்டுவாக்களின் வீட்டில் குடும்பமே சேர்ந்து படம் எழுதும். ஜாமினி ராய் வீடும் அப்படி ஒரு பட்டறை ஆயிற்று. மகனும் உதவினார். ஒரே படத்தைப் பல முறை எழுதினார்கள்.

இதைக் குறை கூறியவர்கள் இருந்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதுவது கலையா, எது அவர் கை, எது மகன் கை என்று கேட்டார்கள். அவர் கவலைப்படவில்லை. கோலத்தையும் பானையையும் ஒரு தடவையோடு யாரும் நிறுத்துவதில்லையே!

தாயும் சேயும், சந்தால் நடனம், கண்ணன், பூனை, ஏசுநாதர்—எல்லாம் அவர் தூரிகையில் வந்தன. பெரிய மீன் விழிகளைக் கண்டதுமே ஜாமினி ராய் படம் என்று சொல்லிவிடலாம். சென்னை ஓவியர் கே. சீனிவாசுலுவின் படங்களிலும் அந்தச் சாயலைக் காணலாம்.

1954-ல் பத்மபூஷண் விருதும், 1955-ல் லலித் கலா அகாடமியின் உயர்ந்த கௌரவமும் அவருக்குக் கிடைத்தன. 1972-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந்தேதி, 85-வது வயதில் கல்கத்தாவில் காலமானார்.

1976-ல் அவருடைய படங்கள் தேசத்தின் கலைச் செல்வம் என்று இந்திய அரசு அறிவித்தது. அவற்றை வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

ஏழைக் குடும்பத்துக்காக எழுதிய படங்கள் இப்போது லட்சக்கணக்கில் விலை போகின்றன. ஆனால், அவருக்குக் கோடு கற்றுத் தந்த பட்டுவாக்களில் பலரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஜாமினி ராயின் ஒவ்வொரு படத்திலும் அவர்கள் கையும் இருக்கிறது.