தியான் சந்துக்கு ஏன் இன்னும் பாரத ரத்னா இல்லை? ஒரு ஹாக்கி மேஜரின் கதை

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு பாரத ரத்னா தூரத்து விஷயம் இல்லை. விருதுநகரில் பிறந்த காமராஜருக்கு 1976-ல் கிடைத்தது. 1977-ல் அருப்புக்கோட்டை தொகுதியில் ஜெயித்து முதன்முறை முதல்வரான எம்.ஜி.ஆருக்கு 1988-ல் கிடைத்தது. இரண்டுமே மறைவுக்குப் பிறகு.

எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ.வாக இருந்த அதே காலத்தில், 1979 டிசம்பர் 3-ம் தேதி, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஒருவர் இறந்தார். கல்லீரல் புற்றுநோய். அவரிடம் மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் இருந்தன. கூடவே பணக் கஷ்டமும், நாடு தன்னை மறந்துவிட்டது என்ற வருத்தமும் இருந்தன. பெயர் தியான் சந்த். அவருக்கு பாரத ரத்னா இன்றுவரை இல்லை.

ஒவ்வொரு ஆகஸ்ட் 29-ம் தேதியும் சோஷியல் மீடியாவில் இந்தச் சண்டை கிளம்பும். அது அவருடைய பிறந்தநாள், தேசிய விளையாட்டு தினம். ஆனால் அவருக்காக ஃபார்வர்ட் ஆகும் மெசேஜ்களில் பாதி, அவர் வாழ்க்கையில் நடந்ததாக யாரும் நிரூபிக்காத கதைகள். அதனால் முதலில் நிஜக் கதையைப் பார்த்துவிடலாம்.

1905-ல் அலகாபாத்தில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வேலை. ஊர் ஊராக மாறி, கடைசியில் குடும்பம் ஜான்சியில் தங்கியது. 1922-ல் தியான் சிங் என்ற பெயரோடு சாதாரண சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். ஹாக்கியை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது அங்கேதான். டியூட்டி முடிந்து நிலா வெளிச்சத்தில் பிராக்டீஸ் செய்ததால் நண்பர்கள் நிலா என்ற அர்த்தத்தில் சந்த் என்று சேர்த்துக் கூப்பிட்டார்கள் என்பார்கள்.

மண் தரையில் ஆடி வளர்வது என்றால் என்னவென்று நம்ம பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையில் இருந்து பந்தல்குடி, எட்டயபுரம் தாண்டி மேற்கே திரும்பினால் கோவில்பட்டி. மானாவாரி கரிசல் பூமியில், புல் தரையைக் கண்ணால் பார்க்காத பசங்க ஸ்டிக் பிடித்துப் பழகி, இந்திய அணி வரைக்கும் போன ஊர் அது. தியான் சந்தின் தொடக்கமும் அந்த மாதிரிதான்.

1926-ல் ராணுவ அணி நியூசிலாந்து போனது. 21 மேட்ச், 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. இரண்டு வருடம் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பம்பாயில் கப்பல் ஏறிய இந்திய ஹாக்கி அணியை வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். அங்கே ஐந்து மேட்ச்களில் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. தியான் சந்த் மட்டும் 14 கோல். நெதர்லாந்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் அணியில் பலருக்கு உடம்பு சரியில்லை, தியான் சந்துக்கே காய்ச்சல். ஆனாலும் 3-0. திரும்பி வந்தபோது பம்பாய் துறைமுகத்தில் கூட்டம் தாங்கவில்லை.

1932 லாஸ் ஏஞ்சல்ஸை வைத்து அவரை எடை போடுவது நியாயம் இல்லை. உலகப் பொருளாதார நெருக்கடி காலம். ஹாக்கிக்கு வந்ததே மூன்று அணிகள். அமெரிக்காவை இந்தியா 24-1 என்று அடித்தது. அதில் தம்பி ரூப் சிங் 10, அண்ணன் 8. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எதிரே நின்றவர்கள் கத்துக்குட்டிகள்.

எடை போட வேண்டியது 1936 பெர்லினை. இந்த முறை கேப்டன் தியான் சந்த். ஒலிம்பிக்குக்கு முன்பு நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று வீழ்த்தியிருந்தது. அதிர்ச்சியில் இந்தியாவில் இருந்து தாரா என்ற வீரரை அவசரமாக வரவழைத்தார்கள். இறுதிப் போட்டியில் எதிரே அதே ஜெர்மனி. முந்தின நாள் மழையால் ஆட்டம் ஆகஸ்ட் 15-க்குத் தள்ளிப்போனது. மைதானத்துக்கு இறங்கும் முன் டிரஸ்ஸிங் ரூமில் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரிக்க, வீரர்கள் சல்யூட் அடித்தார்கள். அடித்தவர்களில் தியான் சந்த் பிரிட்டிஷ் ராணுவத்தில் சம்பளம் வாங்குகிறவர் என்பதை மறக்க வேண்டாம். சுதந்திரத்துக்கு இன்னும் சரியாக 11 வருடம் பாக்கி.

முதல் பாதியில் இந்தியா எடுத்தது ஒரே கோல். ஈரத் தரை வழுக்கியது. இரண்டாம் பாதியில் தியான் சந்த் ஷூவை மாற்றிக்கொண்டார் என்றும், கழற்றி எறிந்து வெறுங்காலில் ஆடினார் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஸ்கோரில் குழப்பம் இல்லை: 8-1. அந்த ஒலிம்பிக் முழுக்க இந்தியா வாங்கிய ஒரே கோல் அதுதான்.

ஆட்டம் முடிந்ததும் ஹிட்லர் அவரைக் கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருவதாகச் சொன்னாராம். வியன்னாவில் நான்கு கை, நான்கு ஸ்டிக்கோடு அவருக்குச் சிலை இருக்கிறதாம். இரண்டுக்கும் நம்பகமான ஆதாரம் யாரும் காட்டியதில்லை. அந்தச் சிலையின் ஒரு போட்டோகூட இல்லை. நிஜ ஸ்கோர்கார்டே இவ்வளவு பலமாக இருக்கும்போது இந்தக் கதைகள் எதற்கு? எதிர்த்து வாதாடுகிறவர்களுக்கு நாமே பிடி கொடுக்கிற வேலை.

அடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளை, 1940-ஐயும் 1944-ஐயும், உலகப் போர் விழுங்கிவிட்டது. 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே வருடம் பத்மபூஷண். அப்புறம் பாட்டியாலா தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் கோச். மகன் அசோக் குமார் 1975 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார். நான்கு வருடம் கழித்து அந்த எய்ம்ஸ் வார்டு. இறுதிச் சடங்கு ஜான்சியில், அவர் ஆடிய மைதானத்திலேயே நடந்தது.

சரி, விருது ஏன் வரவில்லை? 2011 வரை காரணம் சுலபம். 1954-ல் தொடங்கிய பாரத ரத்னாவின் விதியில் கலை, இலக்கியம், அறிவியல், பொதுச் சேவை இருந்தன; விளையாட்டு இல்லை. 2011 கடைசியில் எந்தத் துறைக்கும் தரலாம் என்று மாற்றினார்கள். 2013-ல் விளையாட்டு அமைச்சகம் தியான் சந்த் பெயரைப் பரிந்துரைத்தது. அந்த நவம்பர் 16-ம் தேதி சச்சின் டெண்டுல்கர் மும்பையில் கடைசி டெஸ்ட்டை முடித்தார். சில மணி நேரத்தில் அறிவிப்பு வந்தது: பாரத ரத்னா சச்சினுக்கு, கூடவே விஞ்ஞானி சி.என்.ஆர். ராவுக்கு. சச்சின் தகுதியானவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வரிசையில் அவருக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

இதே மாதிரி சண்டை அமெரிக்காவில் பேஸ்பாலுக்காக வருடா வருடம் நடக்கும். அங்கே கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தது 1936-ல், நம் ஆள் பெர்லினில் ஆடிய அதே வருடம். ஓய்வு பெற்று ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு பேஸ்பால் நிருபர்கள் ஓட்டுப் போடுவார்கள். 75 சதவீதம் கிடைத்தால்தான் உள்ளே. விட்டுப்போனவர்களை எடுக்கத் தனிக் கமிட்டிகள் உண்டு. கறுப்பினத்தவர் என்பதால் பெரிய லீகில் ஒரு நாள்கூட ஆட விடப்படாமல் 1947-ல் இறந்த ஜோஷ் கிப்சனை 1972-ல் அப்படித்தான் சேர்த்தார்கள்.

நம்மிடம் ஓட்டும் இல்லை, கமிட்டியும் இல்லை. பிரதமர் ஜனாதிபதிக்குப் பரிந்துரை செய்கிறார், அவ்வளவுதான். எம்.ஜி.ஆருக்கு அவர் இறந்த சில வாரங்களில் கொடுத்தபோது, தமிழ்நாட்டுத் தேர்தல் கணக்கு என்ற விமர்சனம் வந்தது. அம்பேத்கருக்கு 1990-லும் படேலுக்கு 1991-லும்தான் வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் பெரியவர் என்பதை விட, அந்த நேரத்தில் யாருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது முக்கியமாகிவிடுகிறது. 1979-ல் இறந்த ஒரு ஹாக்கி வீரருக்குப் பின்னால் அப்படி ஓட்டு வங்கி எதுவும் இல்லை.

2021-ல் டோக்கியோவில் ஆண்கள் ஹாக்கி அணி 41 வருடம் கழித்துப் பதக்கம் வாங்கிய மறுநாள், கேல் ரத்னா விருதில் இருந்த ராஜீவ் காந்தி பெயரை எடுத்துவிட்டு தியான் சந்த் பெயரை வைத்தார்கள். டெல்லி தேசிய மைதானத்துக்கு 2002-லேயே அவர் பெயர் வைத்தாகிவிட்டது. தபால் தலையும் உண்டு.

மறைந்து பல வருடமாகிவிட்டது என்பதும் தடை இல்லை. 1946-ல் இறந்த மதன் மோகன் மாளவியாவுக்கு 2015-ல் கொடுத்தார்கள். வழக்கமான வருடத்துக்கு மூன்று பேர் என்ற கணக்கைத் தாண்டி 2024-ல் ஐந்து பேருக்குக் கொடுத்தார்கள். அந்த ஐந்து பேரில் விளையாட்டில் இருந்து யாரும் இல்லை.