மாண்டிசோரி அம்மையார்

இத்தாலி நாட்டில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா மாண்டிசோரி அம்மையார் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில் ரோமாபுரியிற் கற்று, 1896-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மருத்துவஞ் செய்யப் புகுந்தவர், அவர்களுக்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே எனத் தெளிந்தார்.

1907 ஜனவரி 6 அன்று, ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவினர். தனியெழுத்துக்களை அடுக்கிச் சொற்களாக்கினர். விளையாட்டுப்போல் நடந்த இப்பயிற்சியால், ஒரு நாள் மொட்டைமாடியில் சுண்ணக்கட்டி கொண்டு தாமாகவே எழுதலாயினர். வாசிப்பு பின்னரே வந்தது.

அம்மையார் 1939-இல் சென்னை அடையாறு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களைப் பயிற்றினார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, உடன்வந்த மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டு, அம்மையாரின் 70-ஆம் பிறந்த நாளன்று விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கோடைக்கானலிலும் பணிபுரிந்து, 1946-இல் ஐரோப்பா திரும்பினார். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தில் மறைந்தார்.

நம் காலனிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் வருகின்றன; தமிழெழுத்து வீட்டில்தான் வரவேண்டும். நாமும் அதட்டிக் கற்பித்துப் பார்த்தோம், அழுகையே மிஞ்சிற்று. இப்பொழுது உப்புத்தாளில் அகர ஆகாரங்களை வெட்டி வைத்துள்ளோம். பிள்ளை கேட்டு வாங்கித் தடவுகிறது. அன்பர்களும் முயன்று பார்க்க வேண்டுகிறோம்.