ராக்கெட்டும் மட்டையும் ஒரே கையில்: கோட்டா ராமசாமி

மலர்க் குழுவினர் டென்னிஸ் பற்றி ஒரு கட்டுரை கேட்டபோது, ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அவரைப் பற்றி எழுத ஆள் ஏராளம். நம்ம கோயமுத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று வென்று சரித்திரம் படைத்ததும் நம் மாணவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவரைப் பற்றி. கோட்டா ராமசாமி என்று நம் கல்லூரி விளையாட்டு மைதானத்தில் போய்க் கேட்டால், எந்த ஊர்க்காரருங்க என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

அவர் சென்னைக்காரர். 1896 ஜூன் 16-ல் பிறந்தவர். அப்பா புச்சி பாபு நாயுடு. சென்னையில் கிரிக்கெட் என்றால் வெள்ளைக்காரர் ஆட்டம், நம்மவர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றிருந்த நாளில், 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி இந்தியப் பையன்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கியவர். அவர் பெயரில்தான் புச்சி பாபு போட்டி. மகனின் பெயரில் ஏன் கோட்டா வந்தது என்று கேட்கலாம். தாய்வழித் தாத்தாவுக்குச் சுவீகாரம் போனவர். அந்த வீட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1908-ல் புச்சி பாபு இறந்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது. இந்தியர், ஐரோப்பியர் என்று பிரிந்து ஆடும் பிரெசிடென்சி மேட்ச் நடக்க வேண்டும் என்று பாடுபட்ட மனிதர், அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த அந்த மேட்சில் மகன் வருஷக்கணக்கில் இந்தியர் பக்கம் நின்று, இடக்கையால் விளாசினார். ஆள் நல்ல உயரம், கனத்த உடம்பு. தடுத்து ஆடுகிற பொறுமை அவருக்குக் கிடையாது.

பிரெசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு 1919-ல் கேம்பிரிட்ஜ் போனார். கிரிக்கெட்காரராகப் போனவரை அங்கே டென்னிஸ் பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். இந்தியா டேவிஸ் கோப்பையில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1921-ல். அடுத்த வருஷமே, 1922-ல், ராமசாமி இந்திய அணியில் இருந்தார். ருமேனியாவை வென்று ஸ்பெயினிடம் தோற்ற அணி அது. ஃபைஸியோடு சேர்ந்து இரட்டையர் ஆட்டம் ஆடினார். அந்த அணியின் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் படிக்கப் போனவர்களோ வசதியுள்ளவர்களோதான். டேவிஸ் கோப்பை என்றால் அமெச்சூர் ஆட்டம்; காசு வாங்கி ஆடினால் சேர்க்கவே மாட்டார்கள். இன்றைக்கு டென்னிஸைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று அப்பா அம்மாவோடு மல்லுக்கட்டும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். 1968 வரைக்கும் பெரிய போட்டிகளில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஊர் திரும்பியவர் இரண்டு ஆட்டத்தையும் விடவில்லை. 1936-ல் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து புறப்பட்டபோது கூடப் போனார். வயது நாற்பது. ராக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் பேரன் பேத்தியைக் கொஞ்சலாம் என்று வீட்டில் சொல்லக்கூடிய வயசு. அந்தப் பயணம் சுகமான பயணம் இல்லை. விஜயநகரம் மகாராஜகுமார் கேப்டன். ஆட்டத்தால் வந்த பதவி அல்ல அது. கோஷ்டி கோஷ்டியாகப் பிரிந்து கிடந்தார்கள். அமர்நாத்தைப் பாதியிலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் ராமசாமிக்கு இடமில்லை. ஜூலை 25-ல் மான்செஸ்டரில் தொடங்கிய இரண்டாவது டெஸ்டில்தான் இறக்கினார்கள்.

முதல் இன்னிங்ஸில் இந்தியா 203. அதில் அவர் 40. இங்கிலாந்து 571 குவித்து டிக்ளேர் செய்தது. தோல்வி நிச்சயம் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 சேர்த்தார்கள். அந்தக் கதையை எல்லாப் புத்தகத்திலும் படிக்கலாம். இரண்டு பேரின் சதத்துக்கும் அடுத்தபடியாக அந்த இன்னிங்ஸில் அதிக ரன் ராமசாமியுடைய 60 என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆட்டம் டிரா. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் இரண்டே டெஸ்ட், 170 ரன், சராசரி 56.66. அந்தத் தொடரில் இந்தியர்களில் அதுதான் முதல் சராசரி. அதோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. டேவிஸ் கோப்பை, டெஸ்ட் கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர் அவர் ஒருவர்தான். பத்து வருஷம் முந்தி ஆட விட்டிருந்தால்? 1932 வரை இந்தியாவுக்கு டெஸ்ட்டே கிடையாது, அப்புறம் எங்கே ஆடுவது?

அவர் இங்கிலாந்து போய்வந்த பிறகு, 1938-ல், கிரிக்கெட் வாரியத்துக்குத் தலைவராக வந்தவர் நம்ம கொங்கு நாட்டுக்காரர், திருச்செங்கோடு குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். சுப்பராயன் ஆட்டக்காரராக இல்லாமல் நிர்வாகத்துக்கு வந்தவர். ராமசாமி ஆடி முடித்துவிட்டு மேசைக்குப் பின்னால் வந்தவர். ரெண்டு வகையும் வேண்டியதுதான். ஆனாலும் களத்தில் நின்றவருக்கு ஒரு பையனின் பதற்றம் புரியும் என்பது என் அபிப்பிராயம்.

தேர்வாளராக இருந்தார். 1953-ல் இந்தியா முதன்முதலாக வெஸ்ட் இண்டீஸ் போனபோது மானேஜர் அவர்தான், கேப்டன் ஹசாரே. மாதக்கணக்கான பயணம், பழக்கமில்லாத ஊர்கள், தினம் ஒரு விருந்து, சாப்பாட்டுப் பிரச்சினை, காயம், சின்னச் சின்ன மனஸ்தாபம். மானேஜர் என்றால் இதெல்லாம்தான். இன்றுபோல் பயிற்சியாளர், டாக்டர், பிசியோ என்று பட்டாளம் கிடையாது. ஐந்து டெஸ்டில் நான்கு டிரா, பிரிட்ஜ்டவுனில் மட்டும் தோல்வி. உம்ரிகர் 560 ரன் எடுத்தார். குப்தே 27 விக்கெட் சாய்த்தார். அணி பிளவுபட்டால் என்ன ஆகும் என்பதை 1936-ல் கூடவே இருந்து பார்த்தவர் கையில் இந்த அணி போனது நல்ல காலம்.

பிற்பாடு தன் விளையாட்டு வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். தன்னை விளையாட்டுப் பித்தன் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொள்கிற புத்தகம்.

கடைசிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1985 அக்டோபர் 15. வயது 89. அடையாற்று வீட்டிலிருந்து கிளம்பி வெளியே போனார். திரும்பவில்லை. என்ன ஆனார் என்பது நிச்சயமாகத் தெரியவே இல்லை. பிறந்த தேதி தெரியும், ஆடிய ஒவ்வொரு இன்னிங்ஸும் தெரியும், ஆனால் நினைவு நாள் கிடையாது. கிரிக்கெட் உலகத்தின் கணக்குப் பிள்ளையான விஸ்டன், அவர் பெயரை இறந்தவர் பட்டியலில் சேர்ப்பதா, உயிரோடிருக்கும் ஆட்டக்காரர்கள் பட்டியலில் வைப்பதா என்று தவித்து, கடைசியில் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்றுதான் அச்சிட்டது.