அவுரி ஆலைப் பாதிரியார்

கொல்கத்தாவிற்கு வடக்கே, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் செராம்பூர் என்றோர் ஊர் உண்டு. நம் நாட்டுப் பாதிரிமார் பலருடைய பெயரை அடுத்து நிற்கும் இறையியல் பட்டங்கள் அவ்வூர்க் கல்லூரியின் பெயரால் வழங்கப்பெறுவன. தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ்காரர் வசமிருந்து, அதனோடு சேர்த்து 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட ஊர் அது. அக்கல்லூரியைத் தோற்றுவித்த மூவருள் ஒருவரான வில்லியம் கேரியைப் பற்றிப் பேசுவோர் 1812-ல் அவருடைய அச்சகம் தீக்கிரையான கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்தத் தீயைவிடக் கொடிய சோதனை ஒன்று அதற்கு முன்பே அவருக்கு நேர்ந்துவிட்டது என்பது என் எண்ணம். அதைக் கண்டு கைதட்ட ஆள் இல்லை. உதவிப் பணம் அனுப்பவும் ஆள் இல்லை.

கேரி 1761-ல் இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் நெசவாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். செருப்புத் தைக்கும் தொழில் கற்றார். அத்தொழில் செய்துகொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தாமே முயன்று படித்தார். இருபது வயது நிறையுமுன் டாரதி பிளாக்கெட் என்ற பெண்ணை மணந்தார். டாரதி அவருக்கு மூத்தவர், எழுதத் தெரியாதவர், திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் கீறலிட்டவர். முதற் குழந்தைகளில் ஒன்று காய்ச்சலில் இறந்தது. பிற்பாடு கேரி பாப்டிஸ்ட் சபையின் போதகரானார். பள்ளிக்கூடம் நடத்தினார், அதிலும் வயிறு நிறையவில்லை.

தொலைதூர நாட்டு மக்களுக்குச் சுவிசேஷம் சொல்வது தம் போன்றோர் கடமை என்று 1792-ல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங் நகரில் ஒரு சங்கம் கூடியது. அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுன் சொச்சம். இந்தப் பணத்தை நம்பியா இந்தியாவுக்குக் கப்பலேறுவது? கேரி ஏறத் துணிந்தார். டாரதி மறுத்தார். மூன்று பிள்ளைகளும் நிறைமாதக் கர்ப்பமுமாக இருந்த ஒரு தாய் மறுத்ததில் வியப்பென்ன? கேரி மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். உரிமச்சீட்டு இல்லாமையால் கம்பெனிக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்தத் தாமதத்தில் குழந்தையும் பிறந்துவிட, தங்கை கிட்டி துணைக்கு வந்தால் தாமும் வருவதாக டாரதி இசைந்தார். 1793 ஜூனில் ஒரு டேனிஷ் கப்பலில் அனைவரும் புறப்பட்டு நவம்பரில் கல்கத்தா சேர்ந்தனர்.

சேர்ந்த சில வாரங்களிலேயே கைப்பணம் கரைந்தது. உடன் வந்த மருத்துவர் ஜான் தாமஸ் நல்லவர், ஆனால் கணக்கு வழக்கு அறியாதவர், பழைய கடன்காரரும்கூட. குடும்பம் சுந்தரவனக் காட்டோரம் ஒதுங்கியது. அங்கே டாரதியின் தங்கை ஓர் ஆங்கில அதிகாரியை மணக்க முடிவுசெய்து தங்கிவிட்டாள். எவள் துணையை நம்பிக் கடல் தாண்டினாரோ அவளும் பிரிந்தாள். 1794-ல் மால்டாவுக்கு வடக்கே மதனாபதி என்ற கிராமத்தில் அவுரி ஆலையை மேற்பார்க்கும் வேலை மாதம் 200 ரூபாய் சம்பளத்தில் கிடைத்தது. இனித் தமக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று கேரி சங்கத்துக்கு உடனே எழுதிவிட்டார். சங்கத்தாரோ, வியாபாரத்தில் மனம் சிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி புத்தி சொல்லி எழுதினார்கள்! அங்கிருந்து வந்த முதற் கடிதங்கள் 1795 மே மாதத்தில்தான் அவர் கைக்குக் கிட்டின.

அதற்குள் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். கேரியும் நோயில் கிடந்தார். சாதிக் கட்டுக்கு அஞ்சிப் பெட்டி செய்ய எவரும் வரவில்லை. குழி தோண்ட நால்வர் வெகு சிரமத்தின் பேரில் இசைந்தனர். உடலைத் தூக்க ஆள் கிடைப்பது அதனினும் அரிதாயிற்று. அதன்பின் டாரதியின் மனம் பேதலித்தது. கணவர் தமக்குத் துரோகம் செய்கிறார் என்ற ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. தெருவில் பின்தொடர்ந்து சென்று பலர் காணப் பழி கூறினார். பின்னாளில், மனநோயாளர் விடுதியில் சேர்த்துவிடும்படி நண்பர்கள் சொன்னபோது கேரி இணங்கவில்லை. அந்நாள் விடுதிகளின் கொடுமை அப்படி. பக்கத்து அறையில் மனைவி கூச்சலிட, இந்த அறையில் அவர் வங்காளத்தில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியைப் பொறுமைக்குச் சான்றாகச் சொல்வதுண்டு. என்னால் அவ்வளவோடு நிறுத்த முடியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர் தாம் தேர்ந்த வழியில் துன்புற்றார். அந்தப் பக்கம் இருந்தவர் தாம் தேராத வழியில் துன்புற்றார்.

ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தார். கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கலைந்தனர். மனம் மாறியவர் என்று சொல்ல ஒரு வங்காளியும் இல்லை. மரத்தாலான அச்சு யந்திரம் ஒன்று 1798-ல் வந்து சேர்ந்தது. அதைச் சுற்றிச் சுற்றி அவர் வருவதைக் கண்ட கிராமத்தார் அதுதான் வெள்ளைக்காரர் கும்பிடும் சாமி என்று பேசிக்கொண்டனராம்! 1799-ல் ஆலை நொடித்தது. சேமிப்பைக் கொண்டு பக்கத்தில் வாங்கிய சிறு ஆலையையும் கைவிட்டு, 1800 ஜனவரியில் டேனிஷ் கொடியின் நிழலைத் தேடி அவர் செராம்பூர் சேர்ந்தார். அங்கே மார்ஷ்மன், வார்டு என்ற இரு தோழர்கள் வாய்த்தார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 28-ல் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளியில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய பிசகிய கையைச் சரிப்படுத்தியவர் அதே ஜான் தாமஸ். ஏழாண்டு உழைப்பின் முதற்கனி அது. ஆனால் மகிழ்ச்சி தாங்காமல் தாமஸுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. ஒருபுறம் அவரும் மறுபுறம் டாரதியும் அடைபட்ட அறைகளில் ஓலமிட, கேரி தம் மகன் ஃபெலிக்ஸையும் கிருஷ்ண பாலையும் ஆற்றில் இறக்கினார்.

பிறகு வந்தவை பலரும் அறிந்தவை. 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதே ஆண்டில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியப் பதவி கிடைத்தது. அச்சம்பளத்தில் பெரும்பகுதியை மிஷன் பொதுநிதியில் சேர்த்தார். 1807 டிசம்பரில் டாரதி இறந்தார். 1812 மார்ச் 11 மாலையில் அச்சகம் பற்றியது. காகிதமும் பல மொழி எழுத்துகளும், பன்மொழி அகராதிக்கு அவர் சேர்த்துவந்த கைப்படிகளும் சாம்பலாயின. எழுத்து வார்க்கும் அச்சுகள் மட்டும் இடிபாட்டில் பழுதின்றிக் கிடந்தன. இங்கிலாந்தில் சுமார் இரண்டு மாதத்தில் 10,000 பவுன் திரண்டது. கேரி விட்ட இடத்திலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினார். மதனாபதியில் பழகிய கை அல்லவா!

தாய்ச் சங்கமே செராம்பூர்த் தோழர்களைச் சந்தேகித்து, 1827-ல் உறவு முறிந்தது; 1830 முதல் கல்கத்தா வணிக நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கவிழ, மிஷன் பணமும் கரைந்தது. எழுபது வயதுக் கிழவர் வங்காள வேதத்தைக் கடைசி முறையாகத் திருத்தி 1832-ல் முடித்தார். 1834 ஜூன் 9-ஆம் நாள் செராம்பூரில் காலமானார். நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பியதில்லை.

தம்மை இரண்டாம் மனைவி சார்லட்டின் அருகே அடக்கம் செய்ய வேண்டுமென்று அவர் உயிலில் எழுதியிருந்தார். சார்லட் படித்தவர், மொழிபெயர்ப்பில் துணை நின்றவர், பதின்மூன்று ஆண்டுகள் அவரோடு இனிது வாழ்ந்தவர். டாரதியைப் பற்றி அந்த விருப்பத்தில் ஒரு சொல்லும் இல்லை.